சவுக்கை வீட்டு மருதாத்தாள்

மருதாத்தாளின் விரல்கள் கஞ்சிக்குள் கட்டி தேடிக்கொண்டிருந்தன. அகலமான எவர்சில்வர் தட்டில் குழைந்த சோற்றையும் பாசிப்பருப்பையும் போட்டு, ஒவ்வொரு பிடியாகக் கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தாள். முழுப் பருக்கை அகப்பட்டால் எடுத்து ஓரத்தில் வைத்தாள். அது கோழிக்கு. பக்கவாதம் வந்தவர் தொண்டையில் ஒரு பருக்கை வழி மாறிப் போனாலும் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று முதல் நாள் சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவை கூட நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவள் கணவர் மாரப்பனுக்குப் புரையேறவே இல்லை. படுக்கையில் கிடக்கிறவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற எங்கள் பராமரிப்புக் குழு போய்வருகிற வீடுகளில் இப்படிச் சொல்லக்கூடியவை குறைவு.

வடகரப்பதிப் பஞ்சாயத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது அந்த வீடு. முன்பக்கம் தார் ரோடு. பின்பக்கம் மாட்டுக்கொட்டகை, நாலைந்து தென்னை, அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வேலி வைத்த பழைய வண்டித்தடம். இட்டேரி என்பார்கள். அந்தத் தடம் வீட்டு நிலத்தைத் தொடும் இடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நிற்கிறது. எண்ணெயும் மஞ்சளும் தடவித் தடவிக் கறுத்துப்போன கல். கல்லுக்குக் கிழக்கே தமிழ்நாடு, மேற்கே கேரளம். வீட்டுக்காரர்கள் அதை ராசாக்கல் என்கிறார்கள். ஊர்க்காரர்கள் இந்த வீட்டைச் சவுக்கை வீடு என்கிறார்கள். சவுக்கை என்றால் வழியில் நிறுத்திச் சுங்கம் கேட்கிற காவல் சாவடி.

எந்த ராசா என்று கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. கொச்சி ராசா. அவருடைய நாடு கடலோரத்தில் இருந்தது. சித்தூர்ப் பக்கம் மட்டும் உடைந்து விழுந்த துண்டு மாதிரி இங்கே தனியாகக் கிடந்தது. மேற்கே வெள்ளைக்காரன் ஆண்ட மலபார், கிழக்கே வெள்ளைக்காரன் ஆண்ட கோயமுத்தூர், நடுவில் ராசாவின் துண்டு. ராசாவும் தன்னிஷ்டத்துக்கு ஆண்டவர் இல்லை. வருடாவருடம் வெள்ளைக்காரனுக்குக் கப்பம் கட்டினார். மேலே வெள்ளைக்காரனின் பிரதிநிதியாக ரெசிடெண்ட் துரை உட்கார்ந்திருந்தார். ஆனாலும் தன் எல்லைக்குள் வருகிறவனை நிறுத்தி மடியில் என்ன என்று கேட்கும் உரிமை ராசாவுக்கு இருந்தது. அதைக் கேட்பதற்கு இந்தக் கல்லடியில் ஓர் ஆள் போட்டிருந்தார்கள். அவர் மாரப்பனின் தாத்தா.

அந்தத் தாத்தா ராசாவைப் பார்த்ததில்லை. கடலையும் பார்த்ததில்லை. ராச்சியம் என்பது அவர் வரைக்கும் நாலு கேள்வியாகத்தான் வந்து சேர்ந்தது. ஆரது, எங்கிருந்து வருகிறாய், மடியில் என்ன, வேறு என்ன. வெயிலோ மழையோ, ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே நீட்டி அந்த நாலையும் கேட்டார். பதில் சரியாக இருந்தால் கழியைத் தூக்கி "போ" என்றார்.

சுதந்திரம் வந்தது. கொச்சியைத் திருவிதாங்கூரோடு சேர்த்தார்கள். சாவடிக்கு ஆள் வேண்டாம் என்றார்கள். சம்பளம் நின்றது, கேள்வி நிற்கவில்லை. பிறகு கேரளம் உண்டானபோது மலபார் இந்தப் பக்கம் சேர்ந்து, மேற்கு எல்லை இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கிழக்கு எல்லை மட்டும் மாநில எல்லையாகி நின்றுவிட்டது, இந்தக் கல்லோடு. தாத்தா ஊராரைக் கேட்பதை விட்டுவிட்டு வீட்டாரைக் கேட்க ஆரம்பித்தார். கட்டிக்கொண்டு வருகிற மருமகள், பிறந்து வருகிற குழந்தை, ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்புகிறவர், வீட்டை விட்டுப் போகிற பிணம் கூட. எல்லாரையும் கல்லில் நிறுத்தி, வீட்டில் மூத்தவர் கழியை நீட்டிக் கேட்கவேண்டும். குழந்தைக்கும் பிணத்துக்கும் வேறொருவர் பதில் சொல்வார். காலப்போக்கில் கல் சாமியாகிவிட்டது, கேள்வி சாமியின் கேள்வியாகிவிட்டது. ஒரு கொள்ளைநோய்க் காலத்தில் எல்லையிலுள்ள வேலந்தாவளம் பக்கம் போலீஸ்காரர்கள் தடுப்பு வைத்து ஆரு, எந்த ஊரு, எதுக்கு வந்தே என்று கேட்டார்களே, அப்போது மாரப்பனின் அக்கா கற்பகம் மட்டும் கொஞ்சமும் கலங்கவில்லையாம். சவுக்கையை மறுபடியும் திறந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாராம்.

மருதாத்தாள் கிணத்துக்கடவுப் பக்கத்துப் பெண். பதினெட்டு வயதில் தாலி கட்டிய கையோடு இட்டேரி வழியே அழைத்து வந்து கல்லில் நிறுத்தினார்கள். மாமியார் கழியை நீட்டிக்கொண்டு, ஆரது, மடியில என்ன என்று அதட்டினார். புகையிலை இல்லீங்க, அபினி இல்லீங்க என்று பதில் சொல்லச் சொல்லி வழியிலேயே பழக்கியிருந்தார்கள். அபினியை அவள் கண்ணால் கண்டதில்லை. புகையிலையோ அந்த நேரம் அவள் மடியிலேயே இருந்தது; பல்வலிக்கென்று அம்மா ஒரு துண்டு சுருட்டிக் கொடுத்திருந்தாள். இல்லீங்க என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே வந்து மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். மாமியார் கஷாயம் வைத்துக் கொடுத்தபடி, அந்தக் கல்லுக்குத் தெரியாமல் புகையிலை கொண்டுவராத மருமகள் இந்த வீட்டில் யாரும் இல்லை என்றாராம்.

அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் எடுத்துச் சொல்ல வேறெதுவும் இல்லை என்று அவளே சொல்வாள். நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று மாடு, ஒரு மகன், தினமும் சொசைட்டிக்குப் பால், விதவையாகித் திரும்பி வந்த நாத்தனார். இவ்வளவையும் இழுத்துக்கொண்டு நாற்பத்தெட்டு வருடம் நடந்திருக்கிறாள். அவ்வளவு காலத்தில் கணவரைப் பேர் சொன்னதில்லை, நீ என்றதில்லை. "ஏனுங்க" என்பாள். மாரப்பன் திரும்பிப் பார்ப்பார்.

பக்கவாதம் வந்த பிறகும் திரும்பிப் பார்த்தார். ஆனால் பேச்சு போய்விட்டது. வலது கையும் காலும் போயின. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் தார் ரோடு வழியாக வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போயிற்று. எங்கள் குழு கட்டிலும் சக்கர நாற்காலியும் கொடுத்தது. புரட்டிப் படுக்க வைப்பது, நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுவது, ஊட்டிய பிறகு கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பது எல்லாவற்றையும் மருதாத்தாள் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொள்ள முடியாத விஷயம் ஒன்றுதான். அவருக்கு என்ன வேண்டும் என்பது. பசிக்குதுங்களா என்றால் தலையாட்டுவார். பசிக்கலீங்களா என்றாலும் அதே ஆட்டல். ஆமாமும் இல்லையும் அவரிடம் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

மகன் வேல்முருகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல பையன்தான். அம்மாவின் இடுப்பு ஒடிவதைப் பார்த்து, கோயமுத்தூரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அப்பாவுக்கு இடம் பேசி முடித்துவிட்டான். சனிக்கிழமை காலை வண்டி வரும் என்றான். மருதாத்தாள் வேண்டாம் என்றாள். அவன் கத்தவில்லை, தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"அங்க போனா நர்ஸ் இருக்காங்கம்மா. இங்க நீங்க ஒருத்திதான். அப்பாவுக்கு எது ஊடு, எது ஆஸ்பத்திரின்னே தெரியல."

"தெரியுமப்பா. பேச்சுத்தான் வரல."

"அப்பப் பேசட்டும். போகமாட்டேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லட்டும். வண்டியத் திருப்பி அனுப்பிச்சர்றேன்."

மகன் கேட்டது நியாயமாக இருந்ததுதான் மருதாத்தாளுக்குச் சங்கடம்.

கற்பகத்துக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அந்த வீட்டில் கொச்சி ராசாவின் ஆட்சியில் பிறந்தவர் அவர் ஒருவர்தான். தம்பியைக் கல்லில் நிறுத்திக் கேட்காமல் தார் ரோடு வழியே கொண்டுவந்ததை அவர் முதல் நாளிலிருந்து மன்னிக்கவில்லை. நான் போகும்போதெல்லாம் என்னிடமும் முறையிடுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருதாத்தாளையும் வேல்முருகனையும் கூப்பிட்டு நிறுத்தித் தீர்மானமாகச் சொன்னார்.

"கேக்காம உள்ள கூட்டியாந்துட்டீங்க. பாதி ஆளு இன்னும் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கமே நிக்கறான். அப்பறம் பேச்சு எப்படிடா வரும்? நாளைக்கு அனுப்பறதுன்னா அனுப்புங்க. மொதல்ல வந்த வரவக் கேட்டு முடிக்கோணும்."

வேல்முருகனுக்குச் சிரிப்பு வந்தது. கிழவி மனசு ஆறட்டும் என்று ஒத்துக்கொண்டான். மருதாத்தாள் கணவருக்குச் சட்டையை மாற்றித் தலையை வாரிவிட்டாள். மண்ணில் நாற்காலிச் சக்கரம் புதைந்தபோது அம்மாவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். கல்லைத் தாண்டிக் கொண்டுபோய், மேற்கே பார்த்துத் திருப்பி, அவரைத் தமிழ்நாட்டில் நிறுத்தினார்கள். நான் வேலியோரம் நின்றேன். சாய்ந்துவிடாமல் அவர் முதுகுக்கு ஒரு தலையணை வைத்தது மட்டும்தான் என் வேலை.

கற்பகம் கல்லுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். ஊன்றி வந்த கழியைத் தூக்கிக் குறுக்கே நீட்டினார். குரல் நடுங்கவில்லை. அது அவர் குரலாகவும் இல்லை. யாரோ ஓர் ஆணின் தடித்த, அலுத்துப்போன குரல். தாத்தாவின் குரல் அப்படித்தான் இருந்திருக்கும்.

"நில்லு. ஆரது?"

மாரப்பனின் தலை நிமிர்ந்தது.

"சவுக்கையூட்டு மாரப்பனுங்க."

கரகரத்த குரல். ஆனால் ஓர் எழுத்தும் சிதையவில்லை. வேல்முருகன் நாற்காலியின் பிடியை விட்டுவிட்டான். கற்பகம் அசையவில்லை.

"எங்கிருந்து வர்றே?"

"கோட்டுக்குக் கெழக்கிருந்துங்க."

"மடியில என்ன?"

"புகையிலை இல்லீங்க. அபினி இல்லீங்க."

"வேற?"

"நா மட்டுந்தானுங்க."

"போ" என்று கழியைத் தூக்கினார் கற்பகம்.

எனக்கு இந்த வேலையில் வருடங்கள் நிறைய ஆகிவிட்டன. பேச்சு போனவர்களில் சிலர் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவார்கள், கிழமைகளை வரிசையாகச் சொல்வார்கள், சாமிப் பாட்டை முழுதாகப் பாடுவார்கள், சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும் சுத்தமாக வரும். பழகிப் பழகி ஆழத்தில் போய்ப் படிந்த பேச்சு தப்பித்துக்கொள்ளும் என்று பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அதெல்லாம் தெரிந்தும் அந்த வேலியோரத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாரப்பன் பிறந்தபோது கொச்சி ராச்சியம் இல்லை. திவான் இல்லை, ரெசிடெண்ட் இல்லை, கப்பம் இல்லை. அரண்மனைகளை வேறு வேலைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ராச்சியத்துக்குச் சொல்லவேண்டிய பதில், ரத்தக்குழாய் அடைத்துப் பாதி செத்துப்போன ஒரு மனிதனின் மூளைக்குள் கீறல் விழாமல் இருந்தது. மனைவியின் பேர் தப்பவில்லை, மகனின் பேர் தப்பவில்லை, தண்ணீர் என்ற சொல் தப்பவில்லை, அந்தப் பதில் மட்டும் தப்பியிருந்தது. கடலோரத்தில் உட்கார்ந்து ஆண்டவர்கள் தங்கள் அதிகாரம் இவ்வளவு தூரம் போகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

மருதாத்தாள் நேரத்தை வீணாக்கவில்லை. நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஏனுங்க, நாளைக்குக் கோயமுத்தூர் போறீங்களா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். போகலீங்களா என்றாள். அதே ஆட்டல்.

"அது மனப்பாடம்ங்கம்மா" என்றான் வேல்முருகன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னான். "அப்பா பேசல."

"மனப்பாடம் பண்ணுனது ஆரப்பா? அடுத்தூட்டுக்காரனா?"

அவன் என்னைப் பார்த்தான். மகன் சொல்வதுதான் பெரும்பாலும் சரி என்று சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். மருதாத்தாள் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். நாளைக்குப் போகிறதாக இருந்தாலும் இந்த வழியாகத்தான் போகவேண்டும், வண்டியை இட்டேரியின் கிழக்கு முனைக்கு வரச்சொல் என்று மட்டும் மகனிடம் சொன்னாள். வந்தவரைக் கேட்டது போலப் போகிறவரையும் கேட்கவேண்டும். அது முறை. அவன் சரி என்றான்.

மறுநாள் காலையில் நானும் போனேன். அவர் போய்விட்டால் சக்கர நாற்காலியைத் திரும்ப வாங்கவேண்டும். இன்னொரு வீட்டில் அதற்காகக் காத்திருந்தார்கள். மருதாத்தாள் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து, ஒரு துணிப்பையில் வேட்டி, துண்டு, விபூதிச் சம்புடம் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். இட்டேரியின் அந்த முனையில் வண்டி நின்றது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவர் போன் பேசிக்கொண்டிருந்தார்.

கற்பகம் எழுந்திருக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தார். நங்கையா, நேரமாச்சுங்க என்று மருதாத்தாள் கூப்பிட்டாள். நாத்தனாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கேட்டாப் போன்னு சொல்லோணும். எந்தம்பிய நா போன்னு சொல்ல மாட்டேன். அடுத்த மூத்தவ நீதான். நீ கேளு."

"நானுங்களா? அவிங்களப் போயி நில்லுன்னு சொல்றதுங்களா?"

"அப்பக் கேக்காம அனுப்பு" என்றார் கற்பகம் சுவரைப் பார்த்தபடியே.

மருதாத்தாள் கட்டிலில் சாய்த்திருந்த கழியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கல்லுக்கு மேற்கே, வீட்டு மண்ணில், நாற்காலி கிழக்கே பார்த்து நின்றது. பின்னால் வேல்முருகன். மருதாத்தாள் கழியை நீட்டினாள்.

"நில்லுங்க. ஆருங்க?"

மாரப்பன் தலையாட்டினார். அவ்வளவுதான். மறுபடியும் கேட்டாள், கொஞ்சம் உரக்க. மறுபடியும் ஆட்டல். மரியாதை வைத்துக் கேட்டால் அந்தக் கதவு திறக்காது என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். முந்தானையால் வாயைத் துடைத்தாள். கல்லை ஒரு தடவை பார்த்தாள்.

"நில்லு" என்றாள். "ஆரது?"

அவர் நிமிர்ந்தார்.

"சவுக்கையூட்டு மாரப்பனுங்க."

"எங்க போறே?"

போகிறவர்கள் இந்த இடத்தில் ஊர்ப் பேரைச் சொல்லவேண்டும். எப்போதும் மாறுகிற பதில் அது ஒன்றுதான். மனப்பாடத்தில் அது கிடையாது. மாரப்பனின் வாய் திறந்து மூடியது. வேல்முருகன் குனிந்து, கோயமுத்தூருங்கப்பா என்று எடுத்துக் கொடுத்தான்.

"கோயமுத்தூர்" என்றார் மாரப்பன். நிறுத்தினார். அவருடைய நல்ல கை, இடது கை, சக்கரத்தை இறுக்கிப் பிடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"கோயமுத்தூர் இல்லீங்க."

புகையிலை இல்லீங்க என்பது நாக்கில் ஊறிப்போன பேச்சு. அந்த இல்லீங்கவைப் பிடித்து இழுத்து வந்து தனக்குத் தேவையான இடத்தில் வைத்திருந்தார் மனிதர். ஆனாலும் எதைக் கேட்டாலும் இல்லீங்க என்று சொல்கிற கேஸ்களையும் நான் பார்த்திருக்கிறேன். வீட்டைச் சொல்லிக் கேட்டுப் பார் என்று மருதாத்தாளிடம் மெதுவாகச் சொன்னேன்.

"ஊட்டுக்கா போறே?" அவள் குரல் இப்போதுதான் கொஞ்சம் பிசகியது.

"ஊடுங்க" என்றார்.

மீதி இரண்டு கேள்வியையும் அவள் விட்டுவிடவில்லை. முறையாகக் கேட்டாள். புகையிலை இல்லை, அபினி இல்லை, நா மட்டுந்தானுங்க என்றார். கழியைத் தூக்கி "போ" என்றாள். நாற்காலியை வீட்டைப் பார்த்துத் திருப்பியது வேல்முருகன்தான்.

டிரைவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பால் காப்பி கொடுத்தார்கள். அவர் குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வேல்முருகன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு அரிவாளோடு சோளத்தட்டு அறுக்கப் போனான். தம்பி போயிட்டானா என்று உள்ளேயிருந்து கற்பகம் கேட்டார். இல்லீங்க நங்கையா, இங்கதான் இருக்கறாங்க என்று மருதாத்தாள் பதில் சொன்னாள். காத்திருந்த அந்த இன்னொரு வீட்டுக்குப் போன் போட்டு, நாற்காலி இன்றைக்குக் கிடைக்காது, வேறு பார்க்கிறேன் என்றேன்.

பிறகு மருதாத்தாள் தட்டோடு அவர் முன்னால் உட்கார்ந்து, கட்டி தேடி, நசுக்கி, நல்ல பக்கமாக ஊட்டினாள். வாயத் தொற என்று காவல்காரக் குரலில் ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தொறங்க என்று மாற்றினாள். தட்டு காலியானதும் இரண்டு கன்னத்துக்குள்ளும் விரல் விட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை.